செத்தால் யார் இருமுவது? சேகிரோ முடித்த கையோடு எழுதியது

2019 மார்ச்சில் வந்த கேமுக்கு இப்போது விமர்சனம் எழுதுகிறானே என்று சிரிக்காதீர்கள், எனக்கு இப்போதுதான் கட்டுப்படியாகிற விலைக்குக் கிடைத்தது. ஓசூரில் ஷிஃப்ட் வேலை, வாரக் கடைசியில் பஸ் ஏறினால் இரண்டு மணி நேரத்தில் தருமபுரி, வீட்டில் ஒரு பழைய பிஎஸ்4, அதற்குப் பழைய டிஸ்க் வாங்கி மாற்றிக்கொள்ள ஒரு கடை. கடைப் பெயர் வேண்டாம். 'ஸ்க்ராட்ச்சே இல்லண்ணா, கண்ணாடி மாதிரி இருக்கு' என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்து டியூப்லைட் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் யாரோ அதன் மேல் தேங்காய் துருவிய மாதிரி இருந்தது. இன்ஸ்டால் ஆகும்போது பாதியில் ஒரு முறை நின்றது, சட்டை நுனியால் துடைத்துப் போட்டதும் ஓடிவிட்டது. 1,100 ரூபாய். அந்தப் பணத்துக்கு ஐம்பது மணி நேரத்துக்கு மேல் ஓட்டியிருக்கிறேன், அதனால் டிஸ்க் விஷயத்தில் மனத்தாங்கல் இல்லை.

கேமின் பெயர் சேகிரோ: ஷேடோஸ் டை ட்வைஸ். செய்தவர்கள் ஃப்ரம்சாஃப்ட்வேர் என்ற ஜப்பான் கம்பெனி, டார்க் சோல்ஸ் செய்த அதே ஆட்கள். அந்த வருடம் கேம் அவார்ட்ஸில் ஆண்டின் சிறந்த கேம் விருதும் இதற்குத்தான் போனது. கஷ்டமான கேம் என்று ஊரே சொல்லிவிட்டது, அதை நானும் ஒருமுறை சொல்ல வேண்டாம். நான் எழுத வந்தது அதில் வரும் சாவைப் பற்றி. சின்ன வயதிலிருந்து கேமில் எத்தனை ஆயிரம் தடவை செத்திருப்பேன், அதனால் வேறு யாருக்காவது ஏதாவது ஆனதா என்று ஒரு நாளும் யோசித்ததில்லை. இந்த டிஸ்க் யோசிக்க வைத்தது. அப்புறம் பாதி வழியில் கையை விரித்தும் விட்டது, அதையும் சொல்கிறேன்.

எங்களுக்கெல்லாம் முதல் சாவு டிவி கேம் காசெட்டில்தான். கான்ட்ராவில் மூன்று லைஃப். மேலே மேலே கீழே கீழே என்று பட்டன் அழுத்தத் தொடங்கும் அந்த ரகசியக் கோடு தெரிந்த பையன் எங்கள் தெருவில் பெரிய மனிதன், அவன் அழுத்தினால் முப்பது லைஃப். அப்புறம் பிரவுசிங் சென்டர் காலம், வைஸ் சிட்டி. அதில் செத்தால் ஹீரோ ஆஸ்பத்திரி வாசலில் சட்டை கசங்காமல் வந்து நிற்பான், துப்பாக்கிகள் போயிருக்கும், கையிருப்பில் கொஞ்சம் பணம் குறைந்திருக்கும், அவ்வளவுதான். 'டேய் செத்துட்ட, குடு குடு' என்று பக்கத்தில் இருப்பவன் கீபோர்டை இழுத்துக்கொள்வான். எங்கள் செட்டில் சாவு என்றால் அடுத்தவன் முறை என்று அர்த்தம்.

சேகிரோ கதை இது. ஜப்பானில் ஆளுக்கு ஆள் அடித்துக்கொண்டிருந்த போர்க் காலம், அஷினா என்று ஒரு கற்பனை மலைநாடு. ஓநாய் என்று கூப்பிடப்படும் ஒரு ஷினோபி, அதாவது நிஞ்ஜா, அவன் காக்க வேண்டிய குரோ என்கிற சின்னப் பையன். குரோவின் ரத்தத்தில் ஒரு வரம் இருக்கிறது. அவன் தன் ரத்தத்தைப் பகிர்ந்து கொடுத்த ஆள் செத்தாலும் எழுந்துவிடுவான். கேம் தொடங்குவதற்கு மூன்று வருடம் முன்பே ஓநாய் ஒரு தடவை செத்து அப்படி எழுந்தவன். அந்த ரத்தத்துக்காகத்தான் குரோவைக் கெனிச்சிரோ என்ற அஷினா வம்சத்து ஆள் பிடித்து வைத்திருக்கிறான், தன் நாடு அழியாமல் இருக்கச் சாகாத படை வேண்டும் என்பது அவன் கணக்கு. ஆரம்பத்திலேயே அவனோடு ஒரு சண்டை, நீங்கள் எவ்வளவு நன்றாக ஆடினாலும் ஓநாயின் இடது கை போய்விடும். கண் விழித்தால் ஒரு பாழடைந்த கோவில், அதில் ஒரு கிழட்டுச் சிற்பி, புத்தர் சிலையாகச் செதுக்கித் தள்ளிக்கொண்டிருக்கிறார். அவர்தான் உங்களுக்கு மரக் கை பொருத்தியிருக்கிறார்.

சண்டையில் விழுந்தால் திரை இருண்டு, சிவப்பில் பெரிதாக ஒரு ஜப்பானிய எழுத்து வரும், சாவு என்று அர்த்தம். அங்கேயே இரண்டு வழி கேட்கும், சாகிறாயா எழுகிறாயா என்று. எழுகிறேன் என்றால் இளஞ்சிவப்புப் பூவிதழ் பறக்க, பாதி உயிரோடு எழுந்து நிற்பான். இதில் எனக்குப் பிடித்த குசும்பு ஒன்று இருக்கிறது. விழுந்ததும் அவசரப்பட்டு எழாமல் கொஞ்ச நேரம் பிணமாகவே கிடந்தால், எதிரி 'சரி, முடிந்தது' என்று முதுகைக் காட்டிக்கொண்டு நடக்க ஆரம்பிப்பான். அப்போது எழுந்து பின்னால் போய்ச் சொருகலாம். மற்ற கேம்களில் செத்த இடம் என்பது ஆட்டத்துக்கு வெளியே, இதில் அதுவும் ஆட்டத்துக்குள்ளே ஒரு நகர்வு. ஆனால் எத்தனை முறை வேண்டுமானாலும் எழ முடியாது. ஒரு தடவை எழுந்த பிறகும் விழுந்தால், பட்டது பட்டதுதான், கடைசியாக உட்கார்ந்து கும்பிட்ட சிலைக்கே போய்விடுவீர்கள், கையிலிருந்த காசில் பாதியும் சேர்த்த அனுபவத்தில் பாதியும் காலி.

இப்படிச் செத்துச் செத்துச் சிலைக்குப் போய்க்கொண்டே இருந்தால் ஒரு கட்டத்தில் இருமல் சத்தம் கேட்கும்.

அன்று ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், அக்கா பையன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். வயது ஒன்பது. (ரத்தம் பீய்ச்சி அடிக்கும் கேம், பெரியவர்களுக்கு மட்டும் என்று அட்டையிலேயே போட்டிருக்கிறது. நான் அவனை அறையில் விட்டிருக்கக் கூடாது. அக்காவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன், நீங்கள் வேறு திட்ட வேண்டாம்.) குதிரையில் வரும் ஒரு தளபதியிடம் எட்டோ ஒன்பதோ முறை செத்துவிட்டு, மூச்சு வாங்கலாம் என்று கோவிலுக்குப் போனேன். சிற்பி உளியைப் பிடித்தபடி லொக்கு லொக்கென்று இருமுகிறார். பையைத் திறந்து பார்த்தால் புதிதாக ஒரு பொருள், அவர் பெயரைப் போட்டு, அவருக்கு நோய் வந்திருக்கிறது என்று சொல்கிற அடையாளம். எம்மா என்கிற வைத்தியப் பெண் விளக்குகிறாள். அதன் பெயர் டிராகன்ராட். நான் திரும்பத் திரும்ப எழுகிற உயிர் சும்மா வரவில்லை, என்னோடு பழகியவர்களிடமிருந்து உறிஞ்சப்படுகிறது.

'மாமா, நீ செத்தா அந்தத் தாத்தா ஏன் இருமுறாரு?'

நான் சொன்னேன், நான் எழுந்திருக்கும்போது அவருடைய உயிரில் கொஞ்சம் எடுத்துக்கொள்கிறேன்டா என்று. பையன் ஒன்றும் பேசவில்லை. அடுத்த சண்டையில் நான் விழுந்ததும் எழுகிற பட்டனை அழுத்தப் போனேன், என் கையைப் பிடித்துவிட்டான். 'வேணாம் மாமா. தாத்தா பாவம்.' அதற்கப்புறம் நான் விழும்போதெல்லாம் அவன் பார்ப்பது என்னை இல்லை, மறுபடி கோவிலுக்குப் போய்த் தாத்தாவைப் பார் என்பான். புத்தருக்கு வைக்கச் சொல்லி மணி ஒன்று கொடுத்த ஒரு கிழவி உண்டு, அவளும் இருமத் தொடங்கியபோது அவன் முகம் சுருங்கிப் போனது. எங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு இருமல் வந்தால் கூட அவன் இவ்வளவு கவலைப்பட்டுப் பார்த்ததில்லை.

ஒரு கேம் கதை இதைவிட வேறென்ன செய்ய வேண்டும் என்று அன்றைக்கு நினைத்தேன். ஹீரோ பிழைத்து வருவது எல்லாக் கதையிலும் இருக்கிறது. அதற்கு யார் பட்டார்கள் என்பதை எத்தனை கதை சொல்கிறது?

மற்ற கேம்களை எடுத்துப் பாருங்கள். மாஸ் எஃபெக்ட் 2, 2010-ல் வந்தது. தொடங்கிய சில நிமிடத்தில் கப்பல் உடைந்து, ஹீரோ ஷெப்பர்ட் மூச்சுத் திணறி விண்வெளியில் சாகிறார். அபாரமான ஆரம்பம், ஜாய்ஸ்டிக்கைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தேன். செர்பரஸ் என்று ஒரு கோஷ்டி இரண்டு வருடம், நானூறு கோடி கிரெடிட் செலவழித்து அவரைத் திரும்பக் கட்டி எழுப்புகிறது. அப்புறம்? பழைய கூட்டாளி ஒருவர் கோபப்படுவதும் அங்கங்கே சில வசனமும் தவிர, செத்து வந்தவர் என்பதே மறந்துபோன மாதிரி கதை போகிறது. நானூறு கோடி போட்டவன் கணக்குக் கேட்கிறான், செத்தவர் மட்டும் செத்ததைப் பற்றி யோசிக்கவில்லை. சாவை ஒரு பெரிய வாசல் மாதிரிக் கட்டிவிட்டு உள்ளே வீடே கட்டாமல் விட்ட கதை.

காட் ஆஃப் வார் இன்னும் மோசம், மோசம் என்று சொன்னாலும் எனக்குப் பிடிக்கும். 2005-ல் வந்த முதல் பாகத்தில் ஹீரோ கிரேட்டோஸ் செத்துப் பாதாளத்தில் விழுந்து, சுவர் சுவராக ஏறி மேலே வருகிறான். 2007-ல் இரண்டாம் பாகத்தில் ஜீயஸே குத்திக் கொல்கிறார், மறுபடி வருகிறான். முதல் தடவை மெய்சிலிர்த்தது. இரண்டாவது தடவை பென்னாகரம் டவுன் பஸ் மாதிரி ஆகிவிட்டது, போனால் என்ன, அடுத்த ட்ரிப்பில் வந்துவிடுவான்.

எல்லோரும் சொல்லும் ஃபைனல் ஃபேன்டஸி 7 (1997) விஷயத்தில் பழைய சண்டை ஒன்று இருக்கிறது. சண்டையில் விழுந்தவரை எழுப்ப ஃபீனிக்ஸ் டவுன் என்று ஒரு பொருள் பையில் டஜன் கணக்கில் கிடக்கும், ஆனால் கதையில் ஏரித் என்ற பெண்ணைக் கத்தியால் குத்தும்போது அதை எடுத்துக் கொடுக்க யாருக்கும் தோன்றாது. பையில் இருக்கும் சாவு வேறு, கதையில் வரும் சாவு வேறு, இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொள்வதே இல்லை. பெரும்பாலான கேம்களுக்கு இதுதான் வியாதி. ரெட் டெட் ரிடெம்ப்ஷனில் (2010) ஹீரோ ஜான் மார்ஸ்டனை நான் குதிரையிலிருந்து தள்ளியும் பள்ளத்தில் விட்டும் எத்தனையோ தடவை கொன்றிருக்கிறேன், ஒவ்வொரு தடவையும் தூசி தட்டிக்கொண்டு வந்தான். கடைசியில் கதை அவனைக் கொட்டகை வாசலில் சுட்டுப் போட்டதும் மட்டும் வரவில்லை, மகன்தான் வந்தான். அழுகை வந்ததென்னவோ உண்மை. ஆனால் நேற்று வரை வந்தவன் இன்று ஏன் வரவில்லை என்று கேட்டால் பதில் கிடையாது.

இந்த வியாதிக்கு வைத்தியம் பார்த்த கேம்கள் சில உண்டு. 2003-ல் வந்த பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியா: சாண்ட்ஸ் ஆஃப் டைமில் இளவரசன் தானே கதை சொல்லிக்கொண்டு வருவான், நாம் செத்தால் 'இல்லை இல்லை, அப்படி நடக்கவில்லை' என்று திருத்திவிட்டு மறுபடி தொடங்குவான். சாமர்த்தியம். ஹேடீஸ் (2020) செத்தவனை நேராக வீட்டுக்கே அனுப்பும், ஏனென்றால் அவன் வீடே பாதாளம், எப்படிச் செத்தாய் என்று வீட்டு ஆட்கள் கிண்டல் செய்வார்கள். பிளேன்ஸ்கேப்: டார்மென்ட் (1999) இன்னும் ஒரு படி மேலே. அதில் பெயரே இல்லாத ஹீரோ சாகும் ஒவ்வொரு தடவையும் அவனுக்குப் பதிலாக எங்கோ ஒரு ஆள் சாகிறான், அவர்கள் நிழலாகத் திரும்பி வந்து இவனைத் துரத்துகிறார்கள். சேகிரோ கிட்டத்தட்ட அந்தக் கணக்குத்தான். ஒரே வித்தியாசம், பிளேன்ஸ்கேப்பில் செத்தவன் முகம் தெரியாதவன். சேகிரோவில் மரக் கை பொருத்திவிட்ட தாத்தா.

அடுத்த ஞாயிறு, பையனை வெளியில் எங்காவது கூட்டிப் போய் அக்கா கோபத்தைக் குறைக்கலாம் என்று தருமபுரி அருங்காட்சியகத்துக்கு அழைத்துப் போனேன். போகாதவர்கள் ஒரு நடை போய் வாருங்கள், வாசலிலிருந்தே நடுகல்லாக இருக்கும். ஒருவன் வில்லை இழுத்தபடி, உடம்பில் அம்பு தைத்து நிற்பான், பக்கத்தில் மாடுகள். யார் ஆட்சியில், எந்த மாட்டுத் தொறுவை மீட்டுப் 'பட்டான்' (செத்தான்) என்று வட்டெழுத்தில் வெட்டியிருக்கும். சில கற்களில் மேலே இன்னொரு அடுக்கு, இரண்டு பக்கமும் தேவலோகத்துப் பெண்கள் அவனைத் தூக்கிக்கொண்டு போவார்கள். எங்கள் மாவட்டத்தில் வயல் நடுவே நிற்கும் இந்தக் கல்லை வேடியப்பன் என்று கும்பிடுகிற ஊர்கள் இன்னும் உண்டு.

பையன் ஒரு கல்லைச் சுற்றி வந்து கேட்டான், 'மாமா, இதுதான் சேவ் பாயின்ட்டா?'

சிரித்துவிட்டேன், ஆனால் கேள்வி தப்பில்லை. சேகிரோவில் சிலை முன்னால் உட்கார்ந்தால்தான் உயிர் நிரம்பும், செத்தால் அங்கேதான் எழுவோம். இங்கே கல்லிலிருந்து யாரும் எழுவதில்லை. எங்கள் பக்கத்துக் கதையில் ஆள் திரும்பி வர மாட்டான், கல்தான் வரும். மாடு திரும்பி வரும், ஊர் பிழைக்கும், அவன் பட்டான் என்று ஒற்றைச் சொல்லில் முடித்துவிட்டு, பொங்கல் வைத்துச் சாராயம் ஊற்றிக் கும்பிடுவார்கள். கொங்கு நாட்டு அண்ணன்மார் கதையில் மட்டும் படுகளத்தில் விழுந்தவர்களைத் தண்ணீர் தெளித்து எழுப்புகிற சடங்கு இருக்கிறது. அதிலும் எழுப்புகிறவள் கூடப் பிறந்த தங்கை, பட்டன் அழுத்துகிற வேலை இல்லை.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும், தகடூர்க்காரன் (தருமபுரியின் பழைய பெயர் தகடூர்) என்கிற திமிர் என்று வைத்துக்கொள்ளுங்கள். நீண்ட நாள் வாழ வைக்கும் நெல்லிக்கனி அதியமான் நெடுமான் அஞ்சிக்குக் கிடைத்தது, தான் தின்னாமல், அதன் பலனையும் சொல்லாமல் ஔவைக்குக் கொடுத்துவிட்டான். அப்புறம் அவன் போரில் பட்டான், சேரன் பெருஞ்சேரல் இரும்பொறை தகடூரைத் தாக்கி வென்றான். மலை நாட்டையே கொடுத்தாலும் வாங்காதவன், இன்று நடுகல்லுக்குப் பீலி சூட்டிச் சின்னக் கலத்தில் ஊற்றும் கள்ளை வாங்கிக்கொள்வானா என்று ஔவை பாடியது புறநானூற்றில் இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் நெல்லிக்கனியை மட்டும் படமாகப் போட்டுக் காட்டுவார்கள், அதற்கு அடுத்த பாதியைச் சொல்லித்தர மாட்டார்கள். சேகிரோவில் குரோ என்ன கேட்கிறான் தெரியுமா? தன் ரத்தத்தில் இருக்கும் சாகாவரத்தை அறுத்துப் போட வேண்டும், இதனால் ஊரே கெடுகிறது, எனக்கு உதவு என்று ஓநாயிடம் கேட்கிறான். கையில் கனியை வைத்துக்கொண்டு வேண்டாம் என்று சொல்கிற பையன். அந்தக் கட்சீன் வந்தபோது நான் அதியமான்கோட்டைப் பக்கம் தலையைத் திருப்பிக்கொண்டேன் என்று சொன்னால் நம்புவீர்களோ என்னவோ.

சாகாவரத்தை இந்த கேம் எந்த இடத்திலும் பளபளப்பாகக் காட்டவில்லை, அதற்குத் தனியாக மதிப்பெண் போட வேண்டும். மலைமேல் ஒரு மடம், சாகாமல் இருக்கப் போய் உடம்புக்குள் பூரான் நெளியும் துறவிகள். ஹான்பே என்று ஒருவன், கோவிலுக்குப் பக்கத்திலேயே நிற்பான், வெட்டினாலும் சாக மாட்டான், நாம் வாள் பழகுவதற்கு அவனைத்தான் வெட்டிக்கொண்டிருப்போம். முதலில் காமெடியாக இருக்கும். போகப்போகத் தெரியும், அவன் நம்மிடம் எதிர்பார்ப்பது ஒரே ஒரு சாவு.

அப்புறம் அந்தக் குரங்கு. கார்டியன் ஏப் என்று ஒரு ராட்சதக் குரங்கு, ஒரு முழு ஞாயிறு எனக்குப் போனது. கடைசியில் தலையைச் சீவினேன், ரத்தம் கொட்டியது, பெரிய எதிரியை முடித்ததும் திரையில் வழக்கமாக வரும் எழுத்துகள் வந்தன. நான் ஜாய்ஸ்டிக்கைப் பாயில் போட்டுவிட்டுத் தண்ணீர் குடிக்க எழுந்தேன். பையன் கத்தினான், 'மாமா, எழுந்திருக்குது!' திரும்பிப் பார்த்தால் தலையில்லாத குரங்கு ஒரு கையில் தன் தலையையும் இன்னொரு கையில் கத்தியையும் பிடித்துக்கொண்டு வருகிறது. நான் பாயை எட்டுவதற்குள் ஓநாய் போய்ச் சேர்ந்தான். இவ்வளவு நேரம் நான் எதிரிகளுக்குச் செய்துகொண்டிருந்த வேலையை, பிணமாகக் கிடந்து முதுகைக் காட்டியதும் பாய்கிற அதே வேலையை, கேம் எனக்குச் செய்துவிட்டது. எத்தனையோ கேமில் எதிரி இரண்டாம் தடவை எழுவான், அதெல்லாம் வெறும் அதிர்ச்சி. இங்கே எழுவதற்குக் காரணம் அதன் கழுத்துக்குள் நெளிகிற பூரான், மடத்தில் பார்த்த அதே நோய்.

சரி, இப்போது குறை. டிராகன்ராட்டைக் கேட்டுப் பயந்து நானும் பையனும் பார்த்துப் பார்த்து ஆடினோம், இருபது மணி நேரம் போல ஆனதும் எனக்குச் சந்தேகம் வந்தது. இருமுகிறார்கள், இருமிக்கொண்டே இருக்கிறார்கள், யாரும் சாகவில்லை. வேண்டுமென்றே ஒரு நாள் (பையன் இல்லாத நாள்) போய்ப் போய்ச் செத்துப் பார்த்தேன். இருமுகிறவர்கள் எண்ணிக்கை கூடியது, அவர்களுடைய கிளைக்கதைகள் அப்படியே நின்றன, செத்தபோது காசு போகாமல் காப்பாற்றும் கண்ணுக்குத் தெரியாத உதவி 30 சதவீதத்திலிருந்து குறைந்துகொண்டே போனது. அவ்வளவுதான். எத்தனை தடவை செத்தாலும் இந்த நோயால் ஒரு உயிர் கூடப் போகாது. வியாபாரியிடம் ஒரு ரத்தத் துளி வாங்கிச் சிலை முன்னால் பயன்படுத்தினால் ஊருக்கே ஒரே நேரத்தில் குணமாகிவிடும், அம்மா கொடுக்கும் கஷாயம் கூட இவ்வளவு சீக்கிரம் கேட்காது.

எனக்கு இது பெரிய ஏமாற்றம். வயலில் சட்டை மாட்டி நிறுத்தியது வெறும் சோளக்கொல்லைப் பொம்மைதான் என்று காக்கைக்குத் தெரிந்துவிட்ட மாதிரி. அதற்கப்புறம் நான் விழுந்தால் ஓநாய் மேலும் பரிதாபம் இல்லை, தாத்தா மேலும் இல்லை. ஏன் இப்படிச் செய்தார்கள் என்று புரியாமலில்லை. இவ்வளவு கஷ்டமான கேமில், ஆடத் தெரியாதவன் அதிகம் சாவான், அவனுக்குப் போய் 'உன்னால் தாத்தா செத்தார்' என்று தண்டனை கொடுத்தால் டிஸ்கைத் தூக்கிக் கடைக்காரர் முகத்தில் எறிந்துவிடுவான். நியாயம்தான். ஆனால் ஒரே ஒரு ஆள், அந்த மணி கொடுத்த கிழவி மட்டுமாவது, நான் கண்டுகொள்ளாமல் விட்டால் ஒரு நாள் இல்லாமல் போயிருக்க வேண்டும். அப்படி இருந்திருந்தால் இந்த கேமை நான் சாகும்வரை மறந்திருக்க மாட்டேன்.

மற்ற விவரங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஈஸி, ஹார்டு என்று தேர்ந்தெடுக்க எதுவும் கிடையாது, எல்லாருக்கும் ஒரே உதை. ஆட்டத்தை நடுவில் நிறுத்தி வைக்கலாம், அது டார்க் சோல்ஸில் இல்லாத வசதி, அம்மா கேஸ் மாற்றக் கூப்பிடும் வீட்டில் இது சின்ன விஷயமில்லை. நெட் இல்லாமல் முழுக்க ஆடலாம். சுவரோரம் மாட்டிக்கொண்டால் கேமரா எதையோ பார்த்துக்கொண்டு நிற்கும், அப்படி நான் செத்ததையெல்லாம் என் கணக்கில் எழுதக் கூடாது. எல்-1 பட்டனை அடிக்கு அடி தட்டித் தடுப்பதுதான் மொத்தச் சண்டையும், தாளம் பிடிபட்டுவிட்டால் பறை அடிக்கிற மாதிரிக் கை தானாகப் போகும், பிடிபடாதவரை நரகம். ஜப்பானியக் குரல் வைத்து ஆடுங்கள், ஆங்கிலக் குரலில் எல்லோரும் ஒரே மாதிரிப் பேசுகிறார்கள். வசனம் படிக்க ஆங்கிலம் தெரிய வேண்டும், நான் பையனுக்கு வரிக்கு வரி சொல்லிக்கொண்டே ஆடினேன், அதில் வேறு இரண்டு தடவை செத்தேன்.

முடிவைப் பற்றிச் சொல்லப் போகிறேன், ஆடப் போகிறவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள்.

நான்கு முடிவு இருக்கிறது. ஒன்றில் ஓநாய் பையனைக் கைவிட்டு வெறிபிடித்தவனாகிவிடுவான், அதை நான் தொடவில்லை, பையன் தொட விடவும் மாட்டான். நாங்கள் முதலில் பார்த்தது, பெரும்பாலானவர்கள் முதலில் பார்ப்பதும் அதுதான், சாகாவரத்தை அறுக்கும் முடிவு. அதற்கு முன்னால் கெனிச்சிரோ ஒரு வேலை செய்கிறான், தன் கழுத்தில் தானே கத்தி வைத்து, செத்துப்போன தன் தாத்தா இஷினை, அவர் வாலிபத்தில் எப்படி இருந்தாரோ அப்படியே எழுப்பிக் கொண்டுவருகிறான். அந்தத் தாத்தா சண்டை எனக்கு இரண்டு வாரக் கடைசி. இந்த கேமில் சாவைத் தாண்டி வருகிறவர் ஒவ்வொருவருக்கும் ஒருவர் கொடுத்தாக வேண்டும் என்ற கணக்கு அங்கே சரியாக இருந்தது, கொடுத்தவன் அங்கேயே செத்தான். அதெல்லாம் முடிந்ததும், குரோ கேட்டபடி, ஓநாய் அவனையே வெட்ட வேண்டும். பட்டனை நான்தான் அழுத்தினேன்.

இன்னொரு முடிவில் ஓநாய் குரோவைக் காப்பாற்றத் தன் கழுத்தைத் தானே அறுத்துக்கொள்கிறான் என்று யூடியூபில் பார்த்தேன். தமிழ்நாட்டில் பல ஊரில் கிடைக்கும் அரிகண்டக் கல் ஞாபகம் வந்தது, ஒரு கையால் குடுமியைப் பிடித்து மறு கையால் கழுத்தில் வாள் வைத்து நிற்கும் வீரன். அந்த முடிவை எடுக்க ஒளிந்து நின்று பேச்சைக் கேட்பது, ஒரு பூவைத் தேடுவது, ஓநாயை வளர்த்த அப்பனோடு மறுபடி சண்டை போடுவது என்று நிறைய வேலை இருக்கிறது, நான் தவறவிட்டிருந்தேன்.

நாங்கள் எடுத்த முடிவின் கடைசிக் காட்சி அதே பாழடைந்த கோவில். சிற்பி இல்லை. அவர் உட்கார்ந்த இடத்தில் ஓநாய், கையில் உளி, சுற்றிலும் புத்தர்கள். இனிச் செத்தால் எழ மாட்டான். பையன் டிவிக்கு ரொம்பக் கிட்டப் போய் உட்கார்ந்து, எதையோ எதிர்பார்த்துக்கொண்டிருந்தான். பெயர்ப் பட்டியல் ஓடத் தொடங்கியதும் திரும்பி, 'இப்ப யாரும் இருமலைல்ல?' என்றான். இல்லைடா என்றேன்.

ஐந்துக்கு நாலு கொடுக்கிறேன், அந்த ஒன்று கிழவிக்காகப் பிடித்தது. டிஸ்கைத் திருப்பிக் கொடுத்தால் 700 தருகிறேன் என்று கடைக்காரர் சொல்கிறார், அதில் ஸ்க்ராட்ச் இருக்கிறதாம், இப்போதுதான் அவருக்குத் தெரிகிறது. பையன் கொடுக்க விடவில்லை. அந்தப் பூ எங்கே இருக்கிறது என்று ஒரு தாளில் வரைந்து வைத்திருக்கிறான், சனிக்கிழமை பஸ் எத்தனை மணிக்கு வரும் என்று போன் மேல் போன்.